இரண்டு தரம் சொன்னால் சுகம்

நகத்தால் மைக்கை மூன்று தரம் தட்டுகிறார் நிப்றாஸ். பிறகு முகத்தை இடது பக்கம் திருப்பிச் செருமுகிறார். மைக்குக்கு நேரே செருமினால் ஊரே திரும்பிச் செருமும் என்பது அவருடைய எண்ணம். ஒரு மிடறு கொத்தமல்லித் தண்ணீர். பெருவிரல் சுவிட்சை அமத்துகிறது. ஓட்டோக் கூரையில் கிழக்குக்கு ஒன்றும் மேற்குக்கு ஒன்றுமாகக் கட்டிய இரண்டு ஹோர்ன்களும் ஒருமுறை கிறீச்சிட்டுவிட்டு அவர் குரலுக்கு வழிவிடுகின்றன.

"அன்பார்ந்த சாய்ந்தமருது வாழ் பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவித்தல்..."

பின் சீற்றில், அம்ப்ளிபயருக்கும் பெற்றறிக்கும் நடுவில் ஒரு தலையணை. தலையணையின் மேல் நாலே கால் வயது றிப்னா. உம்மாவின் பழைய சால்வை ஒன்று அவளுடைய இடுப்பைச் சுற்றி வந்து சீற்றுக் கம்பியில் முடிகிறது. மடியில் ஒரு விசுக்கோத்துப் பெட்டி, காலடியில் தண்ணீர்ப் போத்தல், மூக்குக்குக் கீழே வழுகிப் போன மாஸ்க். கடைகள் பூட்டிக் கிடக்கின்றன, வீதியில் ஈ காக்கை இல்லை. நிப்றாஸின் தட்டலையும் செருமலையும் பக்கத்தில் இருந்து பார்க்கும் ஒரே ஆள் அவள்தான். வெகு கவனமாகப் பார்க்கிறாள்.

கொரோனாவுக்கு முதல் நிப்றாஸ் அறிவிக்காத செய்தி இந்த ஊரில் இல்லை. தண்ணீர் வெட்டு, கண் பரிசோதனை முகாம், கிரிக்கெட் இறுதிப் போட்டி, கொம்பில் சிவப்பு நாடா கட்டிய ஆடு காணாமற்போன விபரம். ஜனாஸா அடக்கம் பற்றிய அறிவித்தலுக்கு மட்டும் ஓட்டோவை நிறுத்திவிடுவார். ஓடிக்கொண்டே ஒருவருடைய மௌத்தைச் சொல்வது மரியாதை இல்லையாம். இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஒரு புடவைக் கடைக்காரர் "இன்றே கடைசி நாள்" என்று சொல்லச் சொன்னபோது, நாளைக்கும் கடை திறக்குமா என்று கேட்டார். திறக்கும் என்றார் கடைக்காரர். "அப்ப நீங்களே வந்து சொல்லுங்க காக்கா. வாயால சொன்ன பொய்ய மறுக்கலாம். மைக்ல சொன்னா ஊரே சாட்சி" என்று மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார். கடைக்காரர் வாங்கவில்லை.

இறக்காமத்து வயல் காவலில் முற்றிய தொண்டை அது. பதினைந்து வயதில் பரணில் இருந்து யானைக்குக் கத்தியவர். "யானைக்கு ஒருக்காச் சொன்னாக் காணும், திரும்பிப் போயிரும். நம்மட ஆக்களுக்குத்தான் நாலு நாள் சொல்லணும்" என்பார். வீட்டில் அந்தத் தொண்டைக்கு ஓய்வு. உப்பு வேண்டுமென்றால் இரண்டு விரலை உரசிக் காட்டுவார், தண்ணீருக்குப் பெருவிரலை வாய்ப்பக்கம் சாய்ப்பார். "ஊட்டுக்குள்ள வந்தா ஊமை, வெளியில போனா ஊர்" என்பது அவருடைய மனைவி சிபானாவின் தீர்ப்பு.

ஊரை அவர் அறிந்து வைத்திருப்பது காதால். சுனாமி வீட்டுத் திட்டத்து மாடிகள் குரலை முழுசாகத் திருப்பித் தரும். பள்ளிவாசலடியில் பாதி திரும்பும். கடற்கரை ஒழுங்கைகளில் ஒன்றும் திரும்பாது, எல்லாவற்றையும் கடல் எடுத்துக்கொள்ளும். இந்த ஆனி மாதத்தில் வயல் பக்கமிருந்து கச்சான் காற்று சூடாக வீசுகிறது. குரலும் அதோடு கிழக்கே பறக்கிறது. ஆகையால் எந்த வீட்டுக்குக் கேட்க வேண்டுமோ அந்த வீட்டுக்கு மேற்கே போய் நின்று கதைப்பார். "காத்துக்கு எதிராக் கதைக்கிறவன் தனக்குத்தான் கதைக்கிறான்."

இப்படிப்பட்ட ஆள் ஏன் தன் பிள்ளையை ஒரு தலையணையில் கட்டிக்கொண்டு திரிகிறார்?

சிபானா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கொரோனா வார்டில் பதினான்கு நாள் வேலை, பிறகு ஒரு கிழமை தனிமை, அதன் பிறகுதான் ஒரு கிழமை வீடு. றிப்னா போய்க்கொண்டிருந்த நேர்சரி இந்த ஒன்றரை வருடத்தில் மூன்று தரம் திறந்து மூன்று தரம் பூட்டியது. மூன்றாவது பூட்டு சித்திரை முடிவில் விழுந்தது, இன்னும் திறக்கவில்லை. இறக்காமத்தில் நிப்றாஸின் சொந்தங்கள் இருக்கின்றன. ஆனால் பயணக் கட்டுப்பாடு, வழியெல்லாம் தடை.

இந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அக்கா தங்கை வீடுகள் ஒரே வளவில் அடுத்தடுத்து நிற்கும், நடு மதிலில் போய்வர ஒரு கடப்பு இருக்கும். சாதாரணக் காலத்தில் ஒரு பிள்ளை எந்த வீட்டில் சோறு தின்றது, எந்த வீட்டில் தூங்கியது என்று யாரும் விசாரிப்பதில்லை. சிபானாவின் மூத்த சகோதரி ஹாஜறாவின் வீடு அந்தக் கடப்புக்கு அப்பால்தான். ஆனால் ஹாஜறாவின் கணவர் நஜீமுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கொரோனா வார்டு நர்ஸின் பிள்ளையை அந்த வீட்டுக்குள் எடுக்க முடியாது. ஒரு நாள் காலையில் கடப்பில் ஒரு தகரம் முளைத்தது. அடித்தவர் ஹாஜறா. ஆணி அடிக்கும்போது அழுதவரும் அவர்தான். அன்றிலிருந்து தகரத்துக்கு மேலால் ஒரு கோப்பையில் பிட்டு வரும். வைத்துவிட்டு, "எடுங்க தம்பி" என்று கத்திவிட்டு, அவர் உள்ளே ஓடிவிடுவார்.

நேர்சரி பூட்டிய நாளில் கணவனும் மனைவியும் வாசற் படலையடியில் நின்று கதைத்தது ஹாஜறாவுக்கும் கேட்டது.

"நான் லீவுக்கு எழுதிக் குடுக்கட்டா?" என்றார் சிபானா.

"நீங்க லீவு போட்டா அந்த வார்ட்ட ஆரு பாக்கிற? இரிக்கிறதே ஆறு பேர் எண்டீங்க."

"அப்ப நீங்க போடுங்க."

"சுகாதாரக் கந்தோர்ல என்ட பேர வெட்டிப் போடுவாங்க. நிரந்தர நியமனத்துக்கு ஆறு வருசமாக் காத்துக்கிட்டு இரிக்கன். இப்ப போய் ஆளில்ல எண்டு சொல்லவா?"

"அப்ப புள்ள?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை எப்போதோ ஓட்டோவில் ஏறி, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கே ஓர் ஒப்பந்தமும் போட்டார்கள். வார்டுக்குள் போன் கொண்டுபோக முடியாது. பின்னேரம் நாலரைக்கு உடுப்பு மாற்றும் இடைவெளியில் சிபானாவுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும், மேல்மாடிப் பின் ஜன்னலைத் திறக்கலாம். அந்த நேரத்துக்கு நிப்றாஸ் ஆஸ்பத்திரிக்கு மேற்கே, வயலோரத்து வீதியில் நிற்பார். கச்சான் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எந்த இடத்திலும் ஒரு தரம்தான் சொல்லும் அறிவித்தலை அந்த இடத்தில் மட்டும் இரண்டு தரம் சொல்வார். இரண்டு தரம் என்றால் பிள்ளை சாப்பிட்டாள், காய்ச்சல் இல்லை, எல்லாம் சுகம். ஒரு தரத்தோடு நின்றால் ஏதோ சரியில்லை. பின் சீற்றில் இருந்து றிப்னா விரல் மடித்து எண்ணுவாள். "உம்மாக்கு ஒண்டு. உம்மாக்கு ரெண்டு." இரண்டாவது முடிந்ததும் எங்கோ மேலே ஒரு ஜன்னல் பூட்டும் சத்தம் தனக்குக் கேட்பதாக நிப்றாஸ் சொல்வார். அவ்வளவு தூரத்தில் கேட்க நியாயமில்லை. ஆனால் அந்தக் காதோடு யார் வாதாடுவது?

நேர்சரி பூட்டியதே தவிர முனவ்வறா டீச்சர் விடவில்லை. தினமும் காலையில் வட்ஸ்அப்பில் பாடம் வரும். பெற்றோர் சொல்லிக் கொடுத்து, பிள்ளையின் குரலைப் பதிந்து அனுப்ப வேண்டும். நிப்றாஸ் ஓட்டோவிலேயே பாடம் நடத்தினார். ஓர் ஒழுங்கையில் அறிவித்தல், அடுத்த ஒழுங்கை வரும்வரை பாடம். ஒரு கையால் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு மறு கையால் மைக் சுவிட்சை அமத்திப் பிடிப்பது கஷ்டம் என்பதால், சுவிட்சின் மேல் ஒரு றப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். அறிவித்தல் முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். பன்னிரண்டு வருடத் தொழிலில் அவர் அதை மறந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை மறந்தார்.

அன்றைய பாடம் பழங்களும் நிறங்களும்.

"மகள், மஞ்சள் நிறத்தில என்ன பழம் இரிக்கி?"

"வாழப்பழம்."

"மாஷா அல்லாஹ். இன்னொண்டு?"

"வாப்பா, மூத்திரம் வருது."

"அது பழமில்ல மகள்."

"வருது வாப்பா!"

"கொஞ்சம் அடக்குங்க, பள்ளியடி வந்திரும். அதுக்குள்ள மஞ்சளா இன்னொரு பழம் சொல்லுங்க பாப்பம்."

ஓட்டோ கடற்கரை ஒழுங்கைக்குள் திரும்பியது. றிப்னா யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு பச்சைப் படலைக்குப் பின்னால் இருந்து பதில் வந்தது.

"மாம்பழம்!"

நிப்றாஸ் பிரேக்கை மிதித்தார். இது எதிரொலி தராத ஒழுங்கை. பன்னிரண்டு வருடமாக இங்கே அவர் கொட்டிய குரலில் ஒரு துளியையும் கடல் திருப்பித் தந்ததில்லை. இன்று எப்படித் திரும்புகிறது? அதுவும் அவர் சொல்லாத சொல்லாக? எதிர் வீட்டிலிருந்து இன்னொரு சின்னக் குரல், "அன்னாசி!" அதற்கும் அப்பால், "பப்பாசி!" மேல்மாடி ஜன்னலைத் திறந்துகொண்டு ஒரு மனிதர் கைகளைக் குவித்துக் கத்தினார்.

"மச்சான்! புள்ளைய முதல்ல மூத்திரத்துக்கு விடுங்க! பழத்தப் பொறவு பாக்கலாம்!"

நிப்றாஸ் குனிந்து பார்த்தார். றப்பர் பேண்ட் சுவிட்சின் மேல் அப்படியே இருந்தது. நாலு ஒழுங்கைக்கு முதல் போட்டது.

பெருவிரலால் அதைத் தள்ளத்தான் போனார். அந்த நேரம் பச்சைப் படலையின் அடியில், நிலத்துக்கும் தகட்டுக்கும் இடையிலிருந்த நாலு விரற்கடை இடைவெளியில், ஐந்தாறு சின்ன விரல்கள் வெளியே வந்து நெளிந்தன. மண்ணில் கன்னம் படப் படுத்துக்கொண்டு யாரோ பார்க்கிறார்கள். "அடுத்தது கேளுங்க அங்கிள்!" என்றது படலை.

உடல் முழுக்க ஒரு துள்ளல் ஓடியதாக நிப்றாஸ் பிறகு சொன்னார். பரணில் நின்று கத்திய முதல் நாள், இருட்டுக்குள் ஒரு யானை நின்று திரும்பியபோது வந்த அதே துள்ளல். பன்னிரண்டு வருடமாக அவர் ஊருக்குச் சொன்னார், ஊர் கேட்டது, அல்லது ஜன்னலைச் சாத்தியது. பதில் சொன்னதில்லை.

றிப்னாவை இறக்கி வேலியோரம் இருத்திவிட்டு, மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். "சரி. சிவப்பு?"

ஒழுங்கை வெடித்தது.

வீட்டுக்கு வந்ததும் தகரத்துக்கு அப்பாலிருந்து ஹாஜறா சொன்னார், "தம்பி, புள்ளைக்கு மூத்திரம் வந்த கதை காரைதீவு வரைக்கும் கேட்டுத்து." பின்னால் நஜீமின் சிரிப்பும் கேட்டது. சுத்திகரிப்புக்குப் போய்வந்த நாளில் அந்த வீட்டில் சிரிப்புக் கேட்பது அபூர்வம்.

மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் வங்கி உத்தியோகத்தர் ஒருவர், "புள்ளைகள் படலையடியில நிக்க, நேத்துத்தான் மூண்டு மாசத்துக்குப் பொறவு ஒரு மீட்டிங்க முழுசாக் கேட்டன் மச்சான். நாளைக்கும் பத்தரைக்கு எங்கட ஒழுங்கைக்கு வாங்க" என்று கெஞ்சினார். ஆஸ்பத்திரிக்கு மாஸ்க் தைக்கும் ஒரு தாய், தன் மகன் தையல் மெசினை விட்டுவிட்டு இப்போது படலையைக் காவல் காக்கிறான் என்றார். முனவ்வறா டீச்சர் குரல் அஞ்சல் அனுப்பினார். "என்ட கிளாஸ எடுத்துப் போட்டீங்க. பரவாயில்ல. திங்கக்கிழமைக்கு 'ம' எழுத்து வைங்க. பழத்திலயே நிக்காதீங்க."

ஆகவே ஒவ்வொரு அறிவித்தலுக்குப் பின்னும் ஒரு கேள்வி. அரை நிமிடத்துக்கு மேல் இல்லை. நிப்றாஸ் கேட்பார், றிப்னா பின்னாலிருந்து முதற் பதிலைச் சொல்வாள், படலைகள் மிச்சத்தைச் சொல்லும். பிள்ளைகள் கேள்விக்காகக் காத்திருந்தார்கள். அதனால் அறிவித்தலையும் கேட்டார்கள். அதனால் வீட்டுப் பெரியவர்களும் கேட்க வேண்டி வந்தது.

எட்டாம் நாள் யாரோ எடுத்த வீடியோ முகநூலில் ஏறியது. கொரோனாக் காலத்தில் பச்சைப் பிள்ளையை வீதி வீதியாக ஏற்றித் திரியும் தகப்பன் என்று மேலே எழுதியிருந்தது. நிப்றாஸ் கீழே இருந்த கருத்துகளை எல்லாம் வாசித்தார். சிரித்தவர்கள் அதிகம். ஆனால் ஒருவர் "பிள்ளைக்கு ஏதும் நடந்தால் இந்த ஆள் யாருக்கு அறிவிப்பான்?" என்று கேட்டிருந்தார். அந்த ஒரு வரியில் அவர் நின்றுவிட்டார். பிள்ளையை விட இடமில்லாததால் ஏற்றினாரா, இல்லை, படலைகள் பதில் சொல்லத் தொடங்கிய பிறகு அந்தத் துள்ளலுக்காகவும் ஏற்றினாரா? இரண்டும்தான் என்று அவருக்கே பட்டது. இரண்டில் எது கூட என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ. தங்கராசா போனில் வந்தார். பாண்டிருப்புக்காரர், சத்தம் போடாத மனிதர்.

"தம்பி, வீதியில திரியிற பாஸ் உங்கட பேருக்குத்தான் கிடக்கு. பிள்ளைக்குப் பாஸ் இல்ல. நாளைக்குக் காலம பாஸ் புதுப்பிக்க வருவீங்கதானே? பிள்ளைய இறக்கிப்போட்டு வாங்க. இல்லாட்டி நான் வேற ஆளப் போடவேண்டி வரும்."

அன்று இரவு வேலை முடிந்து சிபானா போன் எடுத்தபோது குரல் களைத்திருந்தது. எல்லாம் கேள்விப்பட்டிருந்தார்.

"நான் லீவு லெட்டர் எழுதி வெச்சிட்டன். நாளைக்கு நாலரை வரைக்கும் பாப்பன். நீங்க ரெண்டு தரம் சொன்னாக் கிழிச்சிருவன். ஒரு தரம் சொன்னாக் கொண்டு போய்க் குடுத்திருவன்."

"குடுத்தா வார்ட்டுக்கு அஞ்சு பேர்தானே."

"தெரியும். இஞ்சாருங்க, எனக்காகப் பொய்யா ரெண்டு சொல்லிராதீங்க."

"மைக்ல நான் பொய் சொல்ற இல்ல" என்றார் நிப்றாஸ்.

மறுநாள் சுகாதார அலுவலகத்தில் பாஸ் விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. படிவத்தில் இரண்டு வரிகள் இருந்தன. சாரதி. அறிவிப்பாளர். போன வருடம் வரை கூடவே வந்த உதவி அறிவிப்பாளர் தொற்றுக்குப் பயந்து நின்றுவிட, நிப்றாஸ் எல்லா வேலையையும் ஒருவராகப் பார்த்து வந்தார். இரண்டாவது வரி ஒரு வருடமாக வெறுமையாகவே போய்க்கொண்டிருந்தது. பேனையை எடுத்தார். வைத்தார். திரும்பவும் எடுத்தார்.

பிளாஸ்டிக் திரைக்கு அப்பால் தங்கராசா படிவத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு, மீண்டும் வாசித்தார்.

"என்ன தம்பி இது? அறிவிப்பாளர், நிப்றாஸ் றிப்னா?"

"ஓம் சேர்."

"அடையாள அட்டை இலக்கம் எண்ட இடத்தில இது என்ன?"

"பிறப்புச் சான்றிதழ் இலக்கம் சேர். அட்டை இன்னும் எடுக்கல்ல."

"எடுக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு வருசம் இருக்கு." தங்கராசா கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். ஓட்டோவில் அறிவிப்பாளர் விசுக்கோத்துத் தின்றுகொண்டிருந்தாள். "தொழில் அனுபவம்?"

"போன கிழமை கேட்டிருப்பீங்களே சேர்."

பக்கத்து மேசையில் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். இந்தக் காலத்தில் இருமியதற்காக எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். தங்கராசா சிரிக்கவில்லை. மேசையில் இன்னொரு தாள் கிடந்தது. நாளை மறுநாள் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி. முதல் சுற்றில் போட்ட கதிரைகளில் பாதி வெறுமையாகக் கிடந்தன. அவர் அந்தத் தாளை விரலால் தட்டினார்.

"ரெண்டு மாசமா உங்கட ஓட்டோ வந்தாச் சனம் ஜன்னலச் சாத்துறது. போன கிழமைதான் திறந்தது. அது எனக்கும் தெரியும்." பெருமூச்சு விட்டார். "சரி, கேளுங்க. பிள்ளைக்கும் உங்களுக்கும் நடுவில பிளாஸ்டிக் அடிக்கணும். ரெண்டு மாஸ்க். ஒரு படலை திறந்தாலும் பாஸ் போச்சு. இன்னொண்டு, அறிவிப்பாளர் எண்டு எழுதினா அறிவிப்பாளர் அறிவிக்கணும். பழம் சொல்றது இல்ல, அறிவித்தல். மைக்க அவ பிடிக்கணும். இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் நான் மோட்டார் சைக்கிள்ல பின்னால வருவன். அவ வாய் திறக்காட்டி இந்தப் படிவம் பொய். பொய்க்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"நானும் வைக்கமாட்டன் சேர்" என்றார் நிப்றாஸ்.

தகரத்துக்கு மேலாலிருந்து ஹாஜறா மேசைக்கு விரிக்கும் பிளாஸ்டிக்கை எறிந்தார். அரை மணித்தியாலத்தில் திரை தயார். அதில் கை நுழையுமளவுக்கு ஒரு வழி வெட்டி, மைக் அதற்குள்ளால் பின்னுக்குப் போனது. தடுப்பூசி அறிவித்தலை நிப்றாஸ் சுருக்கி நாலு வசனமாக்கி, வழி நெடுக றிப்னாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைக்கு எல்லாம் மனப்பாடம். ஆனால் முதல் ஒழுங்கையில் மைக்கை வாங்கியதும் அது கனத்தது, கறுப்பாக இருந்தது, தன் மூச்சே ஊரெல்லாம் கேட்டது. றிப்னா அதை அப்படியே மடியில் வைத்துவிட்டாள்.

இரண்டாவது ஒழுங்கையில் தலையாட்டினாள். மூன்றாவதில் அழ ஆயத்தமானாள். சுனாமி வீட்டுத் திட்டத்தில் பால்கனிகள் எல்லாம் காத்திருந்தன. அங்கேயும் நிப்றாஸ்தான் சொன்னார். பச்சைப் படலைக்குக் கீழே விரல்கள் நெளிந்தன. "அங்கிள், றிப்னா எங்க?" என்று படலை கேட்டது. றிப்னா தலையணைக்குள் முகத்தைப் புதைத்தாள். பின்னால் மோட்டார் சைக்கிள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் நின்றது, ஒவ்வொரு ஒழுங்கையிலும் புறப்பட்டது. அந்த எஞ்சின்தான் நிப்றாஸுக்குப் பெரிய சத்தமாகக் கேட்டது.

அவர் பிள்ளையை நெருக்கவில்லை. ஒரு தரம் திரும்பிப் பார்த்து, "ஏலாட்டி விடுங்க மகள்" என்றார். அவ்வளவுதான்.

நாலரைக்கு ஆஸ்பத்திரிக்கு மேற்கே வயலோரத்து வீதியில் ஓட்டோ நின்றது. கச்சான் காற்று முதுகில் அடித்தது. நிப்றாஸ் மைக்கைத் திரைக்குள்ளால் திரும்ப வாங்கினார். மூன்று தட்டு. இடது பக்கம் ஒரு செருமல். அறிவித்தலை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, ஒரு சொல்லும் விடாமல், நிதானமாகச் சொன்னார். காற்று அதை அள்ளிக்கொண்டு கட்டடத்தை நோக்கிப் போனது.

பிறகு நிறுத்தினார்.

பின்னால் றிப்னா விரல் மடித்து வைத்திருந்தாள். "உம்மாக்கு ஒண்டு" என்றாள். காத்திருந்தாள். வாப்பாவின் பிடரியைப் பார்த்தாள். "வாப்பா, உம்மாக்கு ரெண்டு."

"வாப்பாக்கு இண்டைக்கு ஒண்டுதான் ஏலும் மகள்."

"ரெண்டு சொல்லணும் வாப்பா. ஒண்டு சொன்னா உம்மா பயப்படுவா."

நிப்றாஸ் சுவிட்சில் இருந்து பெருவிரலை எடுத்தார். தங்கராசா மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தூரத்தில், மேல்மாடியில், ஒரு ஜன்னல் திறந்தபடி இருந்தது.

பிளாஸ்டிக் திரையின் வெட்டுக்குள்ளால் ஒரு சின்னக் கை வந்து நீண்டது. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. நிப்றாஸ் அந்தக் கையைப் பார்த்தார். மைக்கை அதில் வைத்து, சுவிட்சின் மேல் றப்பர் பேண்டை மாட்டிவிட்டார்.

டொக். டொக். டொக்.

நிப்றாஸ் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். றிப்னா முகத்தை இடது பக்கம் திருப்பினாள். வயதான ஒருவர் செருமுவதுபோல் ஒரு செருமல் செருமினாள். விசுக்கோத்துத் தூளையும் தண்ணீரையும் ஒரு மிடறு விழுங்கினாள்.

"அன்பார்ந்த" என்றாள், கூரையில் ஹோர்ன் இரண்டும் கிறீச்சிட்டன, "சாய்ந்தமருது வாழ் பொதுமக்களுக்கு..."

பன்னிரண்டு வருடமாகப் பாதிக்கு மேல் திருப்பாமல் வைத்திருந்த வொலியூம் குமிழை நிப்றாஸ் பிடித்தார். அது இதற்கு மேல் திரும்ப முடியாது என்று நிற்கும் வரை வலப்பக்கம் திருப்பினார்.